வாழைப்பட்டையிலிருந்து கைக் காகிதம்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வாழை ஒருமுறைதான் தார் ஈனும். தார் வெட்டியபின் மரத்தைச் சாய்த்து வரப்போரம் போட்டுவிடுகிறோம். அந்தப் பட்டையில் நார் உரித்துப் பூக் கட்டுவது நமக்குப் பழக்கமானதே. அதே நாரிலிருந்து உறுதியான காகிதமும் செய்யலாம்.

கைக் காகிதம் நம் நாட்டின் பழைய கிராமத் தொழில். 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மூலம் இதற்குப் புத்துயிர் அளித்தவர்களுள் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா முக்கியமானவர். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் உள்ள கைக் காகித நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

செய்முறையைக் கூறுகிறேன். தார் வெட்டிய ஓரிரு நாட்களுக்குள், பட்டை காயும் முன்பே நாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். உலர்ந்த நாரை ஒன்று முதல் இரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கவும். ஒரு கிலோ நாருக்குச் சுமார் 80 முதல் 100 கிராம் காஸ்டிக் சோடாவும், நார் மூழ்குமளவு தண்ணீரும் சேர்த்து இரண்டு, மூன்று மணி நேரம் வேக வைக்கவும். அலுமினியப் பாத்திரம் கூடாது. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வெந்த நாரை வழவழப்பு நீங்கும்வரை அலசி, கூழாக அடிக்க வேண்டும். சிறிய அளவுக்கு உரலே போதும். தொழிலாகச் செய்ய அரைக்கும் இயந்திரம் வேண்டும். ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடித் தம்ளர் நீரில் கலக்கினால் கட்டியின்றிப் பரவ வேண்டும். அதுவே பதம்.

பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்தும் சேர்க்கலாம். காகிதத்தைத் திரும்பத் திரும்பக் கூழாக்கினால் அதன் இழை குட்டையாகி வலுக் குறையும். வாழை நார் அக்குறையை ஈடுசெய்யும். திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் விழும் பருத்தித் துண்டுகளும் மிக நல்ல மூலப்பொருள்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு, உலர்ந்த எடையில் 50 முதல் 75 கிராம் கூழைக் கலக்கவும். வலை அடித்த மரச் சட்டத்தை அதில் முக்கிச் சமமாகத் தூக்கினால் நீர் வடிந்து தாள் படியும். அதைத் துணிமேல் கவிழ்த்து அடுக்கி, அழுத்தி, நிழலில் உலர்த்தவும். எழுதும்போது மை ஊறாமலிருக்கக் கஞ்சி தடவி மெருகிட வேண்டும்.

சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள தாளானால், ஒரு கிலோ கூழிலிருந்து 22-க்கு 30 அங்குல அளவில் 23 தாள் வரை கிடைக்கும். சேதாரம் போக 20 என்று கணக்கிடுவதே நல்லது.

இனி முக்கியமான செய்தி. நார் வெந்த கருநீரை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ விடவே கூடாது. அதிலுள்ள சோடியம் நல்ல நிலத்தையும் களராக்கிவிடும். களர் நிலத்தைத் திருத்தப் படும் பாடு உங்களுக்குத் தெரியும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய வசதியில்லாத இடத்தில் நாரை உலர்த்தி விற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காகிதம் செய்து பழக, சோடா தேவைப்படாத பழைய காகிதமே போதும்.

சுரண்டிய சக்கையை வீணாக்காதீர்கள். வாழை மரத்தில் சாம்பல் சத்து மிகுதி. அதை மக்கவைத்துத் தோட்டத்துக்கே திருப்பினால் உரச்செலவு குறையும்.

கடன் வாங்கி இயந்திரம் வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: ஆண்டு முழுதும் நார் கிடைக்குமா? நல்ல தண்ணீர் உண்டா? தாளை வாங்குபவர் யார்? கோப்பு அட்டை, அழைப்பிதழ், பை செய்வோரிடம் மாதிரித் தாளைக் காட்டி விலை கேளுங்கள். தனியாக இறங்குவதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து தொடங்கினால் நட்டம் வந்தாலும் ஒரு குடும்பத்தின் தலையில் விழாது.

இந்தப் பட்டத்தில் பத்து மரத்து நாரை மட்டும் எடுத்துப் பாருங்கள். கூலியும் நேரமும் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்து, மேலே போகலாமா என்று முடிவு செய்யுங்கள்.