பத்திரத்தில் இல்லாத பெயர்கள்



சென்னை உயர் நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் தந்த சில தீர்ப்புகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். உரிமையியல் வழக்கும் உண்டு, குற்றவியல் வழக்கும் உண்டு. எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். காகிதத்தில் பெயரோ ரசீதோ இல்லாத மனிதர் நீதிமன்றத்தின் கண்ணில் பட்டாரா?

எண்பதுகளில் ஒருவர் சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போனார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். அங்கிருந்து பணம் வந்தது; இங்கே இடம் வாங்கினார்கள், நகை வாங்கினார்கள். அவர் திரும்பி வந்தபின் இருவருக்கும் பிணக்கு. எல்லாம் என் உழைப்பில் வந்த பணம், அதனால் சொத்து முழுவதும் எனக்கே என்று கணவர் வழக்குப் போட்டார். வழக்கு கோர்ட் கோர்ட்டாக ஏறியது. இடையில் அவர் காலமாகிவிட, பிள்ளைகள் நடத்தினார்கள். கடைசியில் இரண்டாம் மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார்.

மனைவியிடம் சம்பளச் சீட்டு கிடையாது. ஆனால் அந்த வருடங்களில் சமைத்தது யார், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கொடுத்தது யார், வந்த காசை வீண்செலவு இல்லாமல் கட்டிக் காத்தது யார்? நீதிபதி இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். கணவரின் வேலைக்கு நேரக்கணக்கு உண்டு, இல்லத்தரசியின் வேலைக்கு விடுமுறையே இல்லை என்கிறார். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே சொத்து சேர்ந்ததில் அவர் பங்கும் இருக்கிறது. இப்படியொரு பங்களிப்பை ஏற்கச் சொல்லும் தனிச் சட்டம் இல்லை. ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை. இந்த இடத்தில் நின்றுதான், வழக்கிலிருந்த சொத்துகளில் சிலவற்றில் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தங்கள் முதன்மை வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அப்படிச் சொன்ன ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று உறுதிப்படுத்தியிருந்தது. இறந்தபின் இழப்பீட்டுக்காகக் கணக்கிடப்பட்ட அந்த உழைப்பு, இப்போது உயிரோடு வாதாடுகிற பெண்ணின் சொத்துரிமைக்கும் கணக்கில் வந்திருக்கிறது. எனக்கு இது பெரிய முன்னேற்றம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணவர் பெயரில் உள்ள எல்லாச் சொத்திலும் மனைவிக்குத் தானாகவே பாதி வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. பரம்பரையாக வந்த சொத்தின் கதை வேறு. ஒவ்வொரு வழக்கும் அதனதன் சாட்சியங்களைப் பொறுத்தது. அடுத்து மனை வாங்கும்போது கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரையும் எழுதிவிட்டால் இத்தனை வருட அலைச்சலே இல்லை.

2025-இல் வந்த இன்னொரு உத்தரவு சிறியது. கணவருடன் வழக்கில் இருக்கும் ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். கணவரின் கையெழுத்தோடு வா என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பிரிந்து நிற்கும் கணவரிடம் எந்த முகத்தோடு போய்க் கையெழுத்துக் கேட்பது? திருமணம் ஆனதால் ஒரு பெண் தன் தனித்தன்மையை இழந்துவிடுவதில்லை, கணவரின் அனுமதி தேவையே இல்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொல்லி, நான்கு வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிட்டார். இப்படி அலைக்கழிக்கப்படும் பெண்களுக்கு ஒரு தகவல். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

உயர் நீதிமன்றத்தின் பார்வையிலிருந்தும் சிலர் தப்பிவிடுவது உண்டு. 2024 ஜனவரியில், சிறார் ஆபாசக் காணொளிகளை ஒருவர் தன் கைபேசியில் பதிவிறக்கித் தனியாகப் பார்த்தது குற்றமாகாது என்று, அதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடமிருந்துதான் ஓர் உத்தரவு வந்தது. வழக்கு ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. அத்தகைய ஒவ்வொரு காணொளிக்குப் பின்னாலும் வதைக்கப்பட்ட ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு வழக்கில் பெயர் இல்லை, வக்கீலும் இல்லை. உச்ச நீதிமன்றம் திருத்தியது சரிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி வாச்சாத்தி.

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது இந்தப் பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று உள்ளே நுழைந்தார்கள். ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைத் தனியே பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமியும் இருந்தார். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழானது, ஆடு மாடுகள் போயின. அடிபட்ட மக்கள்தான் சிறைக்குப் போனார்கள்.

இவர்களின் புகாரை யாரும் வாங்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் துணை நின்றிராவிட்டால் வாச்சாத்தி என்ற பெயரே வெளியே தெரிந்திருக்காது. 1995-இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று சொன்னது. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை.

மேல்முறையீடுகள் 12 ஆண்டுகள் கிடந்தன. அவற்றை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் 4 அன்று வாச்சாத்திக்கே நேரில் போனார். சாட்சிகள் சொன்ன மரத்தடியையும் ஏரியையும் பார்த்தார், ஊராரின் வாயாலேயே கேட்டார். மேல்முறையீட்டில் இது அபூர்வம். பொதுவாகக் கீழ்க்கோர்ட்டுக் கட்டு வரும், இரு தரப்பு வாதம் நடக்கும், தீர்ப்பு எழுதப்படும். சாட்சிக் கூண்டில் நின்ற பெண் அப்போது வெறும் சாட்சி எண்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, அங்கே இன்னும் குடியிருக்கிறார்கள் என்று நீதிபதி கண்ணால் கண்டுவிட்டு வந்து எழுதிய தீர்ப்பு இது.

2023 செப்டம்பர் 29, கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு வந்த அதே தேதி. அத்தனை மேல்முறையீடுகளும் தள்ளுபடியாயின. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு வேலையோ சுயதொழில் உதவியோ அரசு செய்து தர வேண்டும். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்ற அதிகாரிகள் ஆடிய நாடகத்தில் அப்பாவிப் பெண்கள் பலியானார்கள் என்ற பொருளில் நீதிபதி எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டார் நீதிபதி.   அவர்கள் தங்கள் அதிகாரத்துக்குள் இருந்த ஓர் ஊர் பற்றி எரிந்தபோது கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கணக்கு உண்டு என்று ஒரு தீர்ப்பில் எழுத 31 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.