புத்தகமும் பட்டமும்

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை, பங்கு வாசகசாலையின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



"தானே படித்து அறிவு பெறுவதா, கல்லூரிக்குப் போய்ப் பட்டம் பெறுவதா?" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். தலைப்பைத் தந்தவர்கள் பட்டதாரிகள். பேச வந்திருக்கும் நாங்களோ, பட்டம் என்றால் ஆடிக் காற்றில் நூல்கட்டி விடுவதை மட்டுமே அறிந்தவர்கள். ஆயினும் புத்தகத்தோடு எங்களுக்கு நெடுநாள் உறவு உண்டு. அந்த உரிமையில் சில சொற்கள் கூறுகிறோம்.

நம் வாசகசாலை எப்படித் தொடங்கிற்று என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். ஞாயிறு மறைக்கல்வி நடந்த அறையின் மூலையில் இரண்டு மர பீரோக்கள், ஒரு கால் ஆடும் மேசை, நூறுக்கும் குறைவான புத்தகங்கள். நாங்கள் நால்வர். எங்களில் ஒருவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர், ஒருவர் தையற்காரர், மற்ற இருவர் நூற்பாலைத் தொழிலாளிகள். எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் எங்களில் ஒருவர்தாம். இரண்டாம் பூசை முடிந்ததும் கதவைத் திறப்போம்; மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும்வரை மூடமாட்டோம்.

அந்நாளில் எங்களுக்கு ஆதர்சமாக இருந்தவர் ம.பொ.சி. வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் நண்பரைப்போல அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி வாங்கிப் படித்துச் 'சிலம்புச் செல்வர்' என்று தமிழ் உலகம் போற்றும் நிலைக்கு உயர்ந்தார். 1966-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜெயகாந்தனுக்குப் பின்னாளில், 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதே வந்தது. வெளிநாட்டுக்குப் போனால் மைக்கேல் ஃபாரடே இருக்கிறார். கொல்லர் மகன். இலண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் பதினான்கு வயதில் வேலை பழகச் சேர்ந்தவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையெல்லாம் அவர் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையை அப்படித்தான் கண்டார். இன்று இந்த மேடையில் எரியும் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் இயந்திரத்தின் அடிப்படையை 1831-இல் கண்டுபிடித்தவர் அவரே.

இந்தக் கதைகளை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம்! ஆனால் பாதிக் கதைதான் சொன்னோம் என்பதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1988-ஆம் ஆண்டில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினார். தந்தை கொத்தனார். கல்லூரிக்குப் போவதென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். "கடன் வாங்கியாவது சேர்த்துவிடட்டுமா?" என்று அவர் எங்களிடம் வந்து கேட்டார். எழுத்தறிந்தவர்கள் என்று எங்களை மதித்துக் கேட்ட கேள்வி அது. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கடன் எதற்கு? நம் வாசகசாலையில் இல்லாத படிப்பா கல்லூரியில் இருக்கிறது? ம.பொ.சி. எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்றோம். அவரும் நம்பிப் போனார்.

அப்படிச் சொன்னதில் எங்கள் பெருமையும் கலந்திருந்தது. பட்டம் இல்லாதவர்கள் என்ற குறையை மறைக்க, பட்டமே வேண்டாத பொருள் என்று பேசிப் பழகிவிட்டோம். இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்தான் எங்கள் பதிவேட்டை அழகாக எழுதி வந்தார். அவர் போய்விட்டால் யார் எழுதுவது என்ற எண்ணம் ஓரத்தில் இருந்திருக்கலாம்.

நான்கு ஆண்டுகளில் அவர் எங்கள் பீரோக்களில் இருந்ததையெல்லாம் படித்து முடித்தார். சரித்திரம், நாவல், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும். எங்களுக்குத் தெரியாத இடங்களை நாங்கள் அவரிடம் கேட்கும் நிலை வந்தது. பிறகு ஓர் அலுவலக வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, நிரப்பித் தரும்படி எங்கள் மேசையில் வைத்தார். 'கல்வித் தகுதி: பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படித்ததை எழுத இந்தத் தாளில் இடமே இல்லையே, மாமா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவு நாங்கள் நால்வரும் அறையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் சொல்லிவந்த கதைகளையே மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ஃபாரடே கடையோடு நின்றவரல்லர். ஒரு ஷில்லிங் கட்டணம் கொடுத்து மாலை நேர அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். அந்தக் காசைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, அதைத் தாமே கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளராகச் சேர்ந்தார். அதாவது, புத்தகம் அவரை ஓர் ஆசிரியரின் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டது.

நம் இராமானுஜன் கதை இன்னும் கடினமானது. கும்பகோணத்தில் பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணமோ மிகக் குறைவு. அதை வைத்துக்கொண்டு தாமே ஒரு கணித உலகத்தைக் கட்டினார். ஆனால் மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். சென்னைக்கு வந்து எழுதிய தேர்விலும் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர் வேலை. மறு ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தை உலகம் அறியும். ஆனால் அவர் தனியே உழைத்துக் கண்ட முடிவுகளில் பலவற்றை ஐரோப்பாவில் மற்றவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். சில தவறாகவும் இருந்தன. 'இது முன்பே உள்ளது, இது பிழை' என்று சொல்ல அருகில் ஆளில்லை. வழிகாட்டுதலின்றிக் கழிந்த அந்த இளமை ஆண்டுகளே பெரும் இழப்பு என்று ஹார்டி பின்னாளில் வருந்தினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. 1920-இல், முப்பத்திரண்டு வயதில், அவர் மறைந்தார்.

இத்தகைய மேதைகளுக்கே அந்த நிலை என்றால், நம் வீட்டுப் பிள்ளையை நாம் எதை நம்பித் தனியே விட்டோம்?

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆனால் இந்த உரையை மேடைக்குக் கொண்டுவருமுன் அவரிடம் படித்துக் காட்டினோம். ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டே அஞ்சல்வழிக் கல்வியில் சேர்ந்து பட்டம் பெற்றார். கல்லூரியில் மூன்றாண்டுகளில் முடிந்திருக்க வேண்டியது, எங்கள் பேச்சைக் கேட்டதால் எட்டு ஆண்டுகள் ஆயிற்று. அஞ்சல்வழிப் படிப்பில் எது பிடித்தது என்று கேட்டோம். "நேர்முக வகுப்பில் ஓர் ஆசிரியர் என் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போட்டார். நீங்கள் ஒருநாளும் போட்டதில்லையே" என்றார். எங்களுக்குப் பாராட்டத்தான் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னதும் இளைஞர்கள் சிலர், "அப்படியானால் வாசகசாலையைப் பூட்டிவிடலாமா?" என்று முணுமுணுப்பது கேட்கிறது. பட்டம் வாங்கிய மறுநாளே புத்தகத்தைப் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போட்டவர்களும் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள், யாரென்று சொல்லமாட்டோம். நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் அதற்கு வழிசெய்தது. சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. பணம் கட்டிவிட்டு ஊர் நூலகத்தின் படியேறாமல் இருப்பது எவ்வகை நியாயம்?

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தொடங்கின. ஆனால் பத்தையும் பன்னிரண்டையும் தாண்டிக் குதித்து நேரே பட்டம் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். அப்படிப்பட்ட பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழக அரசு 2009-இல் ஆணையிட்டது. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம். இந்த வரிசை தவறினால் செலவழித்த பணமும் காலமும் வீண். நம் பங்கிலேயே இரண்டு குடும்பங்கள் அப்படி ஏமாந்தன.

ஆகவே இவ்வாண்டு முதல் வாசகசாலையில் ஒரு மேசை கூடுதலாகப் போட்டிருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், நாம் சொன்ன அந்தச் சகோதரிதான் அங்கே உட்காருவார். தனித்தேர்வு விண்ணப்பம், கல்விக் கடன் படிவம், உதவித்தொகைப் படிவம் எதுவானாலும் அவர் நிரப்பித் தருவார். எழுதிக் கொண்டுவரும் விடைகளையும் திருத்துவார். சிவப்புப் பேனாவை நாங்கள் வாங்கி வைத்துவிட்டோம். மாற்றுச் சான்றிதழ் நகலும், இரண்டு புகைப்படமும் மறவாமல் கொண்டுவாருங்கள். வாசகசாலைப் புத்தகம் எதுவும் வீட்டில் தங்கியிருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள், அபராதம் கேட்கமாட்டோம்.