எதற்கு என்று கேட்போம்



சென்ற வாரம் பேரனுக்குக் காலணி வாங்க ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். பணம் கட்டும் இடத்தில் இருந்த இளைஞர், "செல்பேசி எண் சொல்லுங்கள் ஐயா, அது இல்லாமல் பில் போட முடியாது" என்றார். "காலணி வாங்குவதற்கு அது எதற்குத் தம்பி?" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் முகம் சுளித்தனர். ஆயினும், நான் அவ்வாறு கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு.

2001ஆம் ஆண்டு நான் தலைமையாசிரியராக இருந்தபோது, தனிப்பயிற்சி நிலையம் நடத்துபவர் ஒருவர் வந்து, பத்தாம் வகுப்புத் தேர்வில் தவறியவர்களின் முகவரிகளை வேண்டினார். பிள்ளைகளுக்கு நன்மைதானே என்று எண்ணி, பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அவர் வீடுதோறும் அஞ்சலட்டை அனுப்பினார். அஞ்சலட்டைக்கு உறை ஏது? ஒரு மாணவி தவறிய செய்தியைத் தெருவே படித்துவிட்டது. "பள்ளியில் சேர்க்கத்தானே ஐயா முகவரி கொடுத்தோம்?" என்றார் அவளுடைய தந்தை. எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அப்பெண் மறுதேர்வு எழுத வரவேயில்லை.

ஒன்றிற்காகப் பெற்ற விவரத்தை, உரியவரைக் கேளாமல் வேறொன்றிற்குக் கொடுத்ததே என் பிழை. இன்று அதே பிழை கடைதோறும் நிகழக்கூடும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பில் போடுவதற்குச் செல்பேசி எண்ணை வற்புறுத்தலாகாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வாண்டே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விவரம் எதற்கு என்பதை முன்னரே அறிவித்தல், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுதல், பிழையைத் திருத்துதல், தேவை தீர்ந்தபின் அழிக்கச் செய்தல் ஆகியவை அதில் உள்ளன. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன.

சட்டம் ஒருபுறமிருக்க, நாம் செய்யத்தக்கவையும் உள. ஆதார் நகல் கேட்கும் இடத்தில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் நகல் போதுமா எனக் கேளுங்கள். நகலின் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். செல்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் கேட்டு அழைப்பவர் எவராயினும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் இழந்தால், தயங்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

அந்த இளைஞர் சற்றுத் தயங்கிவிட்டு, எண் இல்லாமலேயே பில் கொடுத்தார். முடியாது என்றது முடிந்தது, கேட்டதால் முடிந்தது. அன்று பதிவேட்டைத் திறக்குமுன் அப்பெண்ணின் தந்தையை நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.