ஆற்றங்கரை மின்மினிகளும் ஆலய விளக்குகளும்

(நமது ஆலய ஆண்டு விழாவில் நிர்வாகக் குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆற்றிய உரை)



'மன அமைதிக்கு வழி' என்னும் தலைப்பில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆலயத்திற்கு வாருங்கள், அமைதி கிடைக்கும் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் பொய் சொல்லாதே என்று 38 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். உண்மையைச் சொல்கிறேன். ஆலயத்தில் எனக்கு அமைதி கிடைப்பதில்லை. தீபாராதனை நடக்கும்போது உண்டியலைப் பூட்டினோமா என்று நினைப்பேன். கண்ணை மூடினால், அன்னதானத்திற்கு அரிசி போதுமா என்ற கவலை வந்து நிற்கும். இது சாமியின் குற்றமல்ல, குழு உறுப்பினரின் தலையெழுத்து.

2021-இல் என் துணைவியார் காலமானார். அதன் பிறகு ஓராண்டு நான் ஆலயத்திற்கு ஒரு நாளும் தவறாமல் வந்தேன். கணக்குப் பார்த்தேன், ரசீது எழுதினேன். மனம் மட்டும் எங்கும் நிற்கவில்லை.

அந்த நிலையில் ஈப்போவிலிருந்து என் தங்கை வந்தாள். "இவ்வளவு கிட்டத்துல இருந்துக்கிட்டு நீங்க மின்மினியப் பாத்ததே இல்லையாண்ணே?" என்று கேட்டாள். கோல சிலாங்கூர்க்காரனுக்கு இதைவிட வெட்கம் வேறென்ன? கம்போங் குவாந்தானுக்கு அழைத்துப் போனேன். ஒரு சம்பானில் நான்கு பேர். துடுப்புப் போட்டவர் என் வயதையொத்த மலாய்க்காரர். படகு நகரும்போது கைப்பேசியை அணைக்கச் சொன்னார். நான் அணைத்தேன். கரை விளக்குகள் பின்னால் போக, இருட்டு வந்து சூழ்ந்துகொண்டது.

அந்த இருட்டு எனக்குப் பழக்கமானது, அன்பர்களே. நான் பிறந்த தோட்டத்தில் ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். விடியுமுன் அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போவார். லயத்து வாசலில் நின்று பார்த்தால், பால்மரங்களுக்கு நடுவே அம்மாவின் விளக்கு தெரியும், மறையும், மறுபடி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிவிடுவேன். அறுபது ஆண்டுகளாக மறந்திருந்ததை அந்த ஆற்றின் நடுவில் திரும்பக் கண்டேன். எதிரே பெரெம்பாங் மரம் ஒன்று முழுவதும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. துடுப்பின் ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. எத்தனை நேரமோ தெரியாது. நான் எதையும் கணக்கிடவில்லை என்பது கரைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆசிரியன் அல்லவா, வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் தேடினேன். இந்த மின்மினிக்கு அறிவியலில் ப்டெரோப்டிக்ஸ் டேனர் என்று பெயர். ஆண் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் ஒளிவிடுகின்றன. (நம் பஜனைக் குழு இத்தனை வருடமாகப் பழகியும் கைத்தாளம் ஒன்றுசேரவில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.) அந்த ஒளி துணையை அழைக்கும் மொழி. இதன் புழுக்கள் ஆற்றோர ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே மரம் மட்டும் இருந்தால் போதாது. கரையும் வேண்டும், உப்பும் நன்னீரும் கலந்து ஏறி இறங்கும் நீரும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இருட்டு வேண்டும். வேறு வெளிச்சம் மேலே விழுந்தால் ஒன்றின் அழைப்பு மற்றொன்றுக்குத் தெரியாமல் போகிறது.

கரை எங்கே போயிற்று? 1917-இல் ஹென்ரி போகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர், நம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்கிறோம், தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். இந்நாட்டில் வாணிப நோக்கில் செம்பனை பயிரிட்டது அதுவே முதல் முறை. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது பாருங்கள். பின்னாளில் பால்மரத்தை அழித்துச் செம்பனை வந்தது, சில இடங்களில் அது ஆற்றின் விளிம்புவரை போயிற்று. அந்தச் செம்பனையில் குலை வெட்டியும் காய் பொறுக்கியும்தான் நம்மவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், ஆகவே அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் முன்பு வரிசையாக எரிந்த மரங்களுக்கு நடுவே இப்போது பல்போன இடங்கள் என்று அந்தப் படகுக்காரர் சொன்னார். 2009-இல் மாநில அரசு இந்த ஆற்றோரத்தை மின்மினிகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அறிவிப்பு அரசாங்கத்தின் வேலை. நம் வேலை என்ன?

சிதம்பரத்தைத் தில்லை என்கிறோம். தில்லை என்பது ஒரு மரம், அந்தத் தலத்தின் விருட்சம். கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றில் வளர்வது. சிதம்பரம் நகருக்குள் அந்தக் காடு இப்போது இல்லை, பக்கத்தில் பிச்சாவரத்தில் இருக்கிறது. அதே மரம் நம் மலேசியக் கடலோரச் சதுப்புக் காடுகளிலும் உண்டு. மலாய்க்காரர்கள் பூத்தா-பூத்தா என்பார்கள். பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்பதால் அந்தப் பெயர். ஆடல்வல்லான் ஆடுவதற்கு நம் முன்னோர் தேர்ந்த இடம் இப்படிப்பட்ட சேற்றுக்காடு. ரமண மகரிஷி 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து முதலில் பெரிய கோயிலில்தான் தங்கினார். பிறகு விருபாக்ஷ குகை, கந்தாசிரமம் என்று 1922 வரை மலைமேல் இருந்தார். கோயிலுக்கும் காட்டுக்கும் நடுவே மதில் எழுப்பியது நாம்தான்.

நாம் என்று பொதுவில் சொல்லித் தப்பிக்கக் கூடாது. 2006-இல் நம் ஆலயத்தின் பின்னால் இருந்த அரசமரத்தை வெட்டி மண்டபம் கட்டத் தீர்மானம் எழுதியவன் நான். அப்போது நான் செயலாளர். மரம் விழுந்த அன்று, தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் வந்து நின்றார். "வாத்தியாரே, வெயிலு வந்தா சாமி எங்க போயி நிக்கும்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "ஏர்கோன் போடப் போறோம் பாட்டி" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பாட்டி இப்போது இல்லை. ஏர்கோன் இருக்கிறது, மாதாமாதம் கட்டணமும் வருகிறது.

இப்போது ஒரு காரியம் நம்முன் இருக்கிறது. திருப்பணிக்காக ஓர் உபயகாரர் ஆறு பெரிய விளக்குகள் தர முன்வந்திருக்கிறார். பின்மதிலில் ஆற்றைப் பார்த்தபடி பொருத்தினால் அக்கரையிலிருந்தும் கோபுரம் தெரியும் என்பது அவர் ஆசை. அவர் இந்தச் சபையிலேயே இருக்கிறார். கேட்காமலே கொடுக்கும் நல்ல மனிதர். பின்பக்கமாக ஏறி உண்டியலை உடைத்தார்களே, அதனால் வெளிச்சம் வேண்டும் என்று குழுவினர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் சென்ற மாதம் நான் மூன்று இரவுகள் பின்மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அக்கரையில் பதினொரு பெரெம்பாங் மரங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் மின்மினி இருக்கிறது. இத்தனை வருடம் ஆலயத்தில் இருந்தும் நமக்குத் தெரியவில்லை, ஏனென்றால் ஆற்றுப் பக்கம் நாம் திரும்பிப் பார்ப்பதே சாக்கடை அடைத்துக்கொண்டால்தான். அந்த விளக்குகளைப் பொருத்தினால் முதலில் அணையப் போவது அந்த மூன்று மரங்கள்.

ஆகவே குழுவிடமும் உபயகாரரிடமும் கேட்டுக்கொள்கிறேன். விளக்குகளை முன்வாசலுக்கும் கார் நிறுத்துமிடத்திற்கும் போடுவோம், தரையைப் பார்த்தபடி, மேலே மூடியோடு. பின்புறத்திற்கு இரும்புக் கதவு போடுவோம், அதன் செலவில் பாதியை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். பின்மதிலோரம் ஒரு நீள பெஞ்சு மட்டும் போதும். என்னைப் போல் உள்ளே அமைதி கிடைக்காதவர்கள் அங்கே போய் உட்காரட்டும். இதனால் உபயகாரர் மனம் வருந்தினால் வயதில் மூத்தவன் என்று என்னைப் பொறுத்தருள வேண்டும்.

தீர்மானம் அடுத்த கூட்டத்தில் எடுக்கப்படும். அதற்கு முன், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவு, அதே படகுக்காரரிடம் இரண்டு சம்பான்கள் சொல்லி வைத்திருக்கிறேன். மாலை பூஜை முடிந்ததும் புறப்படுகிறோம். நீளக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கொசு அதிகம். டார்ச் விளக்கு வேண்டாம். என் படகில் உபயகாரருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன், அவர் வரும்வரை படகை எடுக்க மாட்டேன். மழை பெய்தால் மறுநாள்.