தைரொயிட்டுச் சுரப்பியும் குருதி காட்டும் சாட்சியும்

பரிசோதனைச் சாலையிலிருந்து வந்த கடிதவுறையைப் பிரித்து வாசிக்கின்றாள் ஒரு பெண். சில மாதங்களாக அவளுக்குத் தீராத களைப்பு, தலைமயிரும் உதிர்கின்றது. தாளில் “தைரொயிட்டுப் பெரொக்சிடேசுப் பிறபொருளெதிரி” என்ற நீண்ட பெயரும், அதற்கு நேரே 600 என்ற எண்ணும் காணப்படுகின்றன. 35க்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்று அருகே அச்சிடப்பட்டிருக்கின்றது. அயல்வீட்டார் ஒருவர் இது புற்றுநோய் என்கின்றார். மற்றொருவர், இனி ஆயுள் முழுவதும் மாத்திரைதான் என்கின்றார். அதே தாளின் மேல்வரியில் ரி.எஸ்.எச். என்பதற்கு எதிரே 2.1 என்றிருப்பதை எவரும் பார்க்கவில்லை. நேயர்களே, இவ்விரண்டு எண்களும் வெவ்வேறு செய்திகளைக் கூறுவன.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. உணவிலுள்ள அயடீனைக் கொண்டு அது தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குகின்றது. உடலின் வெப்பம், இதயத்தின் வேகம், குடலின் அசைவு, மனத்தின் சுறுசுறுப்பு யாவும் அந்த ஓமோனைச் சார்ந்தவை. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இதன் மேற்பார்வையாளன். தைரொட்சின் குறைந்தால் அது ரி.எஸ்.எச். என்னும் தூண்டு ஓமோனை மிகுதியாக அனுப்பும்; தைரொட்சின் மிகுந்தால் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சுரப்பி இன்று எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறியப் பெரும்பாலும் முதலிற் பார்க்கவேண்டியது ரி.எஸ்.எச். அளவே. பிறபொருளெதிரியின் எண் அதைக் கூறுவதில்லை.

அவ்வாறாயின் அது எதைக் கூறுகின்றது? யப்பானின் கியூசூவில் ஹக்காரு ஹசிமோட்டோ என்னும் இளம் சத்திரவைத்தியர், நான்கு பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட கழலைகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். சுரப்பியின் இழையத்தில் வெண்குருதிக் குழியங்கள் நிறைந்திருப்பதைக் கண்டு, 1912ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் ஊர் திரும்பி வைத்தியத் தொழில் செய்து, 1934இல் நெருப்புக்காய்ச்சலினால் இறந்தார். தம்முடைய பெயர் உலகெங்கும் ஒரு நோயின் பெயராகும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

அக்குழியங்கள் அங்கே ஏன் கூடின என்பது 1956ஆம் ஆண்டிலேயே விளங்கிற்று. இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஐவன் ரொயிற், டெபோரா டோனியாக் முதலியோர், அந்நோயாளரின் குருதிப் பாயத்தைத் தைரொயிட்டுச் சாற்றுடன் சேர்த்துப் பார்த்தனர். அங்கே வீழ்படிவு தோன்றிற்று. கிருமிகளை எதிர்க்கவேண்டிய பிறபொருளெதிரிகள், உடலின் சொந்தச் சுரப்பியையே பகையெனக் கொண்டிருந்தன. உடல் தன்னைத்தானே தாக்காது என்று அறிஞர் பலர் அரை நூற்றாண்டு காலம் நம்பியிருந்தனர். அமெரிக்காவில் ரோஸ், விற்றெப்ஸ்கி என்னும் இருவர் அதே ஆண்டில் முயல்களிடத்தே நடத்திய சோதனையும் அந்நம்பிக்கையைத் தகர்த்தது.

இன்று சோதனைச் சாலைகள் முக்கியமாக மூன்று வகை எதிரிகளை அளக்கின்றன. பெரொக்சிடேசு என்பது ஓமோனை ஆக்கும் நொதியம். தைரோகுளோபுலின் என்பது ஓமோன் ஆக்கப்பட்டுச் சேமிக்கப்படும் புரதம். இவற்றுக்கு எதிரானவை ஹசிமோட்டோ நோயில் மிகுந்து காணப்படும். ஆனால் நலமாக நடமாடுவோரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இவை உண்டு. இவை புற்றுநோயின் அடையாளமல்ல. சுரப்பியைச் சிதைப்பது பெரும்பாலும் குழியங்களின் வேலை. எதிரிகள் அந்தச் சிதைவு நடைபெறுவதற்குச் சாட்சி கூறுவன. சாட்சியின் குரல் எத்துணை உரத்திருந்தாலும், சேதம் எவ்வளவு என்பது அதனாற் புலப்படாது.

அதற்காகத் தாளைக் கிழித்தெறிதலும் தகாது. இங்கிலாந்தின் வடகிழக்கில் விக்கம் என்னும் பகுதி மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த பேரறிக்கை 1995இல் வெளிவந்தது. ரி.எஸ்.எச். சரியாயிருந்து எதிரிகள் மட்டும் கொண்டிருந்த பெண்களில், ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கே சுரப்பி மந்தமாயிற்று. இரண்டும் உயர்ந்திருந்தோரில் அது நால்வருக்குச் சற்று மேற்பட்டது. ஆதலின் நமது கடிதவுறைப் பெண்ணுக்கு இன்று தைரொட்சின் மாத்திரை தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ரி.எஸ்.எச். பார்த்தாற் போதும். அவளுடைய களைப்புக்கு வேறு காரணம் இருக்கலாம். குருதிச்சோகையையும் தேடிப் பார்த்தல் நன்று. தலைமயிருக்கென்று பயோட்டின் மாத்திரை விழுங்குகின்றவளாயின் அதையும் வைத்தியரிடம் கூறவேண்டும். சில சோதனைகளின் எண்களை அது பிழையாக்கிவிடும்.

மாத்திரை தொடங்கியோர் எதிரியின் எண் குறைந்ததா என்று மீண்டும் மீண்டும் காசு செலவழித்துப் பார்க்கின்றனர். இது வீண்செலவு. மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது ரி.எஸ்.எச்.

இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்த்தல் 1995ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அதன் பின் பாடசாலை மாணவியரைச் சோதித்தவர்கள், தைரோகுளோபுலின் எதிரிகள் எதிர்பாராத அளவிற்குப் பலரிடம் இருப்பதைக் கண்டு 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். அயடீன் இதற்குக் காரணமாகலாம் என்ற ஐயமும் எழுந்தது. ஆயினும் அம்மாணவியரில் மிகப் பெரும்பாலோரின் சுரப்பி செவ்வனே தொழிற்பட்டது. இச்செய்தியைக் கேட்டு அயடீன் உப்பைக் கைவிடுவோர், கண்டக்கழலையையும், கருவிலுள்ள சிசுவின் மூளைக்குக் கேட்டையும் திரும்ப அழைப்பவராவர்.

மூன்றாவது வகை எதிரி வெறும் சாட்சியன்று. அது தானே வினை புரிவது. ரி.எஸ்.எச். வந்து பற்றும் வாங்கியைப் பற்றிக்கொண்டு, ஓய்வின்றிச் சுரப்பியைத் தூண்டுகின்றது. நெஞ்சு படபடத்து, உடல் மெலிந்து, கைகள் நடுங்கி, சிலருக்குக் கண்களும் பிதுங்கும். டப்ளின் நகர வைத்தியர் றொபேட் கிறேவ்ஸ் 1835இல் விவரித்த நோய் இதுவே.

இந்த எதிரியின் அளவு கருப்பகாலத்தில் உயிர்காக்கும் செய்தியாகலாம். ஒரு பெண்ணுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் கிறேவ்ஸ் நோய் வந்து, சுரப்பி சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டிருக்கலாம். அல்லது கதிரியக்க அயடீனால் அழிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரை உட்கொள்கின்றாள், ரி.எஸ்.எச். சரியாயிருக்கின்றது, தான் குணமடைந்துவிட்டதாகவே எண்ணுகின்றாள். ஆனால் எதிரிகள் அவளுடைய குருதியில் இன்னும் உலவக்கூடும். தாயிடம் தூண்டுவதற்குச் சுரப்பி இல்லை; சூல்வித்தகத்தைக் கடந்து சென்றால் சிசுவிடம் இருக்கின்றது. கருவின் இதயம் மிகை வேகமாய்த் துடிப்பதற்கு அது காரணமாகலாம். எனவே அத்தகைய தாய், கருப்பிணிச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் முதல் நாளிலேயே பழைய நோயைச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் ஒரு முறையும், உயர்ந்திருப்பின் 18 முதல் 22 வாரங்களுக்கிடையே மீண்டும் எதிரியை அளப்பர். பிறந்த குழந்தையையும் சில நாட்கள் கவனித்துப் பார்ப்பர். தாயிடமிருந்து பெற்ற எதிரிகள் சில மாதங்களுள் குழந்தையின் குருதியிலிருந்து மறைந்துவிடும்.