கரி நம்முடையது, கைத்திறனும் நம்முடையதாக வேண்டும்

(நெய்வேலியில் காண்டிராக்ட் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வோம் என்று டில்லி சர்க்கார் 2014 முதல் முழங்குகிறது. சிங்கத்தின் படம் போட்ட விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். நல்ல முழக்கம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? உற்பத்தி செய்யப்போவது யார், அவன் எங்கே தொழில் கற்கப்போகிறான் என்பதுதான் நம் கேள்வி. விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் நிற்கும் இந்த மண்ணே சொல்லும்.

1935இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பூமிக்கடியில் கரி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒரு காரியம், அதை வெளியே எடுப்பது முற்றிலும் வேறு காரியம். கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் பயங்கரமான அழுத்தத்தோடு நிற்கிறது. மேல் மண்ணை அகற்றிவிட்டால் அந்த நீர் தரையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெட்ட வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான். பம்பு நின்றால் சுரங்கம் நின்றது! பம்பு ஓட்டுகிற தொழிலாளியை யாரும் மாலை போட்டுப் படம் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு சங்கடம் மேலே இருக்கிறது. ஜெர்மனியில் கரிக்கு மேலுள்ள மண் பெரும்பாலும் மிருதுவானது. அங்கிருந்து வந்த ராட்சதச் சக்கர யந்திரங்கள் அதற்கென்று பிறந்தவை. நம்முடையதோ கடலூர் மணற்பாறை, அரத்தைப் போல இரும்பைத் தின்னும். வாளிப் பற்கள் தேய்ந்து தேய்ந்து விழுந்தன. முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தி, பிறகு சக்கரத்தை விட வேண்டும் என்பது இங்கேதான் பாடமாயிற்று. யந்திரத்தை விலைக்கு வாங்கலாம், தோழர்களே. அதை நம் மண்ணில் ஓட்டுகிற அறிவைக் கடையில் வாங்க முடியாது.

இந்தத் தொழிலில் இறங்கியது எந்த முதலாளி? ஒருவனுமில்லை. 1956 நவம்பரில் பொதுத்துறைக் கார்ப்பொரேஷன் பிறந்தது. 1957 மே மாதம் சுரங்க வேலையை நேரு துவக்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணுக்குத் தெரிந்தது. நாலு வருஷம் மண்ணை மட்டுமே வாரிக்கொண்டிருக்க எந்த லாபக்காரன் சம்மதிப்பான்? 1962இல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் யந்திரம் ஓடியது, 1970க்குள் 600 மெகாவாட் ஆயிற்று. அந்த நிலையம் 2020 செப்டம்பர் வரை உழைத்தது. அத்தனை காலம் அதற்கு உயிர் கொடுத்தவர்கள் இந்த ஊர்ப் பிட்டர்களும் வெல்டர்களும்தான்.

திருச்சியைப் பாருங்கள். செக்கோஸ்லோவாகியா உதவியோடு 1965இல் உற்பத்தியைத் துவக்கிய கொதிகலன் ஆலை அது. 1975இல் அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. ஆலையும் ஆராய்ச்சியும் பயிற்சியும் ஒரே இடத்தில்! துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் சிறு பட்டறைகள் அதை நம்பித்தான் முளைத்தன. அப்படியிருக்க, பெரிய மின் திட்டங்களுக்கென்று வெளிநாட்டு யந்திரங்களைச் சுங்க வரியே இல்லாமல் உள்ளே விட்டது சர்க்கார். தனியார் கம்பெனிகள் சீனக் கொதிகலன்களைக் கப்பல் கப்பலாக இறக்கின. 2012இல்தான் வரி போட மனம் வந்தது. அதற்குள் ஆர்டர்கள் எத்தனையோ கைமாறிவிட்டன. சட்டத்தில் ஒரு வரி மாறினால் துவாக்குடியில் ஒரு பட்டறையின் அடுப்பு அணையும்.

இங்கே இரண்டாம் அனல் நிலைய விஸ்தரிப்புக்குத் திருச்சி ஆலை 250 மெகாவாட் புது மாதிரிக் கொதிகலன் இரண்டு கொடுத்தது. தொல்லைகள் வந்தன, வருஷக்கணக்கில் தாமதமாயிற்று, 2015இல்தான் ஒழுங்குக்கு வந்தது. இதைக் காட்டிப் பொதுத்துறையைக் கேலி செய்தவர்கள் உண்டு. புதிதாக எதையும் செய்து பார்க்காதவனுக்குத் தோல்வியே கிடையாது! பிறகு வந்த புதிய நிலையத்தின் இரண்டு 500 மெகாவாட் யந்திரங்களுக்கும் கொதிகலன் கொடுத்தது அதே ஸ்தாபனம்தான்.

இப்போது வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து, இருபது வருஷம் கன்வேயர் பெல்ட்டோடு மாரடித்த தொழிலாளி காண்டிராக்ட் சீட்டில் 'கூலி ஆள்' என்றே இருக்கிறான். பெல்ட் எந்த இடத்தில் கிழியும் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். காண்டிராக்டர் மாறினால் அவன் புது ஆள்! அவனுடைய அனுபவம் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறாது. அப்ரண்டிஸ் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்குகிறார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுத் திருப்பூருக்கு ரயிலேறுகிறார்கள்.

2020ஆம் ஆண்டை மறக்க முடியுமா? மே 7, மறுபடியும் ஜூலை 1. இரண்டாம் அனல் நிலையத்தில் இரண்டு தடவை கொதிகலன் விபத்து. ஜூலையில் அன்றே 6 பேர் மாண்டார்கள். ஆஸ்பத்திரியில் மேலும் பலர் போனார்கள். கொதிகலன் பக்கம் போகிற ஒவ்வொருவனுக்கும், எந்தச் சீட்டில் வேலை செய்தாலும், முறையான பயிற்சி கொடு என்று நாம் கேட்பது சலுகையல்ல.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கு இதில் என்ன என்று நினைக்காதீர்கள். சுரங்கம் நகர நகர நிலம் போகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் பயிர்மேல் யந்திரத்தை ஏற்றினார்கள். பட்டா உள்ளவனுக்கு நஷ்டஈடு பற்றியாவது பேச்சு நடக்கிறது. அந்த வயலில் நடவு நட்டவளுக்கு? 2013ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம், மூன்று வருஷம் அங்கே உழைத்த நிலமற்ற தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது. அந்தக் குடும்பத்துப் பையனுக்குப் பயிற்சி நிலையத்தில் முதல் இடம் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்? சுரங்கத்தில் வரும் வெள்ளைக் களிமண் இருக்கிறது, விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொஞ்சம் கைத்திறன் கொடுத்தால் நம் பெண்களுக்கு ஊரிலேயே வேலை உண்டு.

2006இல் கார்ப்பொரேஷனின் பங்குகளை விற்கத் துணிந்தபோது நெய்வேலித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், டில்லி பின்வாங்கியது. 2013இல் மறுபடி வந்தார்கள். மறுபடி வேலைநிறுத்தம். அந்தத் தடவை விற்ற பங்குகளைத் தமிழக அரசு ஸ்தாபனங்களே வாங்கிக்கொண்டன.

ஆகவே இந்த மாதம் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு காண்டிராக்ட் தொழிலாளியும் என்ன வேலை, எந்த யந்திரம், எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருப்பவர் எழுதட்டும். ஏரியாத் தோழர்கள் அவற்றைத் திரட்டி நிர்வாகத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் கொடுப்பார்கள். கிராமங்களில் வயல் வேலை செய்து நிலம் போனதால் வேலை இழந்தவர்களின் பட்டியலும் அதோடு போகும். நோட்டுப் புத்தகங்கள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கலைந்து போகுமுன் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.