கார் ஷெட்டில் ஒரு விமானம்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவில் என்ன சாதித்தீர்கள் என்று பேசுங்கள்" என்றார் சங்கச் செயலாளர். பெரிதாக ஒன்றுமில்லை. முப்பது வருஷம் பம்பு டிசைன் செய்தேன், ஓய்வு பெற்றேன். ஆனால் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு விமானம் கட்டினேன். பத்து வருஷம் ஆயிற்று. அதைப் பற்றியும், அதில் நான் செய்யாமல் விட்ட ஒரு வேலையைப் பற்றியும் சொல்கிறேன்.

"வீட்டில் விமானம் கட்ட சர்க்கார் விடுமா?" என்று நேற்றே நண்பர்கள் கேட்டார்கள். அமெரிக்காவில் விடுகிறார்கள். 'எக்ஸ்பெரிமென்டல்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலையில் பாதிக்கு மேல், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ, தொழில்முறை சாராதவர்கள் செய்திருக்க வேண்டும். முடிந்ததும் பரிசோதகர் வந்து பார்ப்பார். பிறகு குறிப்பிட்ட எல்லைக்குள் சோதனைப் பறத்தல். எனக்கு விதித்தது 40 மணி நேரம். அதுவரை பயணி யாரையும் ஏற்றக்கூடாது.

நான் கட்டியது 'லாங்-ஈஸி'. கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தில் பட்டறை வைத்திருந்த பர்ட் ரூட்டான் வடிவமைத்தது. இதற்கு அண்ணன் 'வேரி-ஈஸி' 1975-இல் பறந்தது, லாங்-ஈஸி 1979-இல். அவர் விமானம் விற்கவில்லை, வரைபடம்தான் விற்றார். அதையும் 1985-இல் நிறுத்திவிட்டார். நான் 1984-லேயே வாங்கி வைத்திருந்தேன். 1986-இல் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய 'வாயேஜர்' விமானமும் அவருடைய படைப்புதான். நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1980-களில் பெங்களூரில் உள்ள தேசிய விமான ஆய்வுக்கூடம் லாங்-ஈஸியை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சி விமானம் கட்டியது.

இந்த வகைக்குக் 'கனார்ட்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் வாத்து. சின்னச் சிறகு முன்னால், பெரிய சிறகு பின்னால், இன்ஜினும் புரொப்பெல்லரும் கடைசியில். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்ததும் இப்படித்தான், சின்னப் பரப்பு முன்னால். இதில் என்ன லாபம்? வேகம் குறைந்து, மூக்கு அதிகமாக மேலே தூக்கினால் சிறகு தாங்கும் சக்தியை இழக்கும். அதை 'ஸ்டால்' என்கிறோம். கனார்டில் முன்சிறகு முதலில் ஸ்டால் ஆகும்படி அமைத்திருக்கிறார்கள். மூக்கு தானாகத் தாழும். வேகம் திரும்ப வரும். பெரிய சிறகு ஸ்டால் ஆகும் கட்டத்துக்கே போவதில்லை.

ஆனால் இது எடை சரியான இடத்தில் இருக்கும் வரைதான். எடை பின்னால் தள்ளினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பின்னால் இருக்கும் இன்ஜினில் கொஞ்சம் கனமான ஸ்டார்ட்டர் மாட்டினால், அதற்கு ஈடாக மூக்கில் பாரம் வைக்க வேண்டும். தராசுக் கணக்கு. ஆக, "ஒன்றை மட்டும் மாற்றினேன்" என்று இந்த விமானத்தில் யாரும் சொல்ல முடியாது.

கட்டுவது எப்படி? நீல நிற ஃபோம் கட்டியின் இரு முனையிலும் சிறகு வடிவத்தில் அச்சுப் பலகை ஆணியடித்து, சூடான கம்பியால் அறுக்க வேண்டும். ஆளுக்கொரு முனை. அச்சில் எண் போட்டிருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறகு கோணலாகிவிடும். மறுமுனையில் நின்றது என் மனைவி. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று அவள் தமிழில் எண்ண எண்ண அறுத்தோம். பிறகு அதன்மேல் கண்ணாடி நாரிழைத் துணியை எபாக்ஸி பிசினில் நனைத்து, இழை எந்தக் கோணத்தில் ஓட வேண்டும் என்று பார்த்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும்.

நான் செய்த முதல் முன்சிறகைக் குப்பையில் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ந்த பின் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவோமே, அதே மாதிரி. 'டக் டக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்றது. உள்ளே துணி ஒட்டவில்லை. குளிர் நாளில் அவசரப்பட்டிருக்கிறேன். அன்று நம் ஃபிட்டிங் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஞாபகம் வந்தது. மூன்று நாள் அரம் போட்ட ஜாபை மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வெளிச்சம் தெரியுதுடா தம்பி, வேற பீஸ் எடு" என்பார். அப்போது அவர்மேல் கோபம் வரும். இப்போது அவர் சொன்ன வேலையை அந்த நாணயம் செய்தது.

நான் செய்யாமல் விட்ட வேலைக்கு வருகிறேன். லாங்-ஈஸியில் இடம் ஒன்று வலம் ஒன்றாக இரண்டு பெட்ரோல் டாங்கிகள். எதிலிருந்து எடுப்பது என்று தீர்மானிக்க ஒரு திருகு வால்வு. வரைபடத்தில் அது ஓட்டுபவரின் இரு கால்களுக்கும் நடுவே இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் ஏன் வர வேண்டும்? தீப்பிடித்தால்? வால்வைப் பின்னால் கொண்டுபோய், கைப்பிடியை மட்டும் என் தோளுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று தோன்றியது. படம் போட்டேன். பம்பு டிசைன் செய்கிறவனுக்கு இது ஒரு விஷயமா? நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

அங்கே வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அனுபவசாலிகள் சம்பளம் வாங்காமல் வந்து வேலையைப் பார்த்து யோசனை சொல்வார்கள். எனக்கு வாய்த்தவர் ஒரு பெரியவர். ராணுவத்தில் விமான மெக்கானிக்காக இருந்தவர். 1993-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் படத்தைப் பார்த்தார். நல்லது கெட்டது சொல்லவில்லை. ஒரு மரக்கட்டையைக் கைப்பிடி வரவேண்டிய இடத்தில் தற்காலிகமாக ஒட்டச் சொன்னார். "உள்ளே உட்கார். பெல்ட்டை இறுக்கிப் போடு. கால் பெடலில் இருக்கட்டும். இன்ஜின் நின்றுவிட்டது. டாங்கியை மாற்று" என்றார்.

வலது கையை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோக உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. எட்டிப் பிடித்துவிட்டேன். "பார்த்தீர்களா?" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது காபி டம்ளரோடு வலது சிறகின் நுனியருகே நின்ற என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்தப் பக்கம் பலகை வெளியே வருதே, நீங்கதான் மிதிக்கிறீங்களா?"

"இல்லையே" என்றேன்.

மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். உடம்பை இடப்பக்கம் திருப்பும்போது, ஊன்றிக்கொள்ள வலது கால் தானாகப் பெடலை அழுத்தியிருக்கிறது. வலது சுக்கான் முழுசாகத் திறந்திருந்தது. எனக்கே தெரியவில்லை. தரையில் இருந்ததால் அது ஒரு கேள்வியோடு போயிற்று.

பெரியவர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. மரக்கட்டையைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். வால்வை வரைபடத்தில் உள்ள இடத்திலேயே வைத்தேன். என் பயம் பொய்யில்லை. குழாய் உள்ளே வருவது ஓர் ஆபத்துதான். அதற்காகக் குழாய் இணைப்புகளைக் கவனமாகச் செய்து, கசிவு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். 1995-இல் விமானம் பறந்தது.

1997 அக்டோபர் 12. பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டெரி வளைகுடாவில் விமானம் விழுந்து இறந்தார். அது ஒரு லாங்-ஈஸி. அவர் கட்டியதல்ல, வாங்கியது. அதைக் கட்டியவர் வால்வுக் கைப்பிடியை ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். விசாரணை அறிக்கை வந்தபோது இரவு உட்கார்ந்து படித்தேன். அந்தக் கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தெரியாமல் வலது சுக்கானை அழுத்தியதில் விமானம் கட்டுப்பாடு இழந்தது என்று இருந்தது. கிளம்புமுன் பெட்ரோல் நிரப்பாததும் ஒரு காரணம். எட்டாத இடத்தில், குறியீடு இல்லாமல் இருந்த கைப்பிடி, அந்த வகை விமானத்தில் அவருக்குப் போதாத பழக்கம், இவையும் துணைக் காரணங்கள்.

என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அன்னைக்கு நான் காபி கொண்டு வராம இருந்திருந்தா?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாணவச் செல்வங்களே, எதையும் மாற்றாதே என்று சொல்ல நான் வரவில்லை. ரூட்டானே மாற்றினார். பழைய முன்சிறகு மழையில் நனைந்தால் தாங்கும் சக்தி குறைந்து மூக்கு தாழ்ந்தது. பிறகு ஜான் ரான்க்ஸ் வடிவமைத்த புதிய முன்சிறகு வந்து அந்தக் குறை தீர்ந்தது. மாற்றம் இல்லாமல் எந்திரவியல் ஏது? ஆனால் வரைபடத்தில் ஒரு பொருள் ஓரிடத்தில் இருந்தால், அது அங்கே இருக்க ஒரு காரணம் இருக்கும். அது என்ன என்று சொல்லத் தெரியாதவரை அதைத் தொடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் மரக்கட்டையால் செய்து, பெல்ட் போட்டு உட்கார்ந்து பாருங்கள். வெளியே ஒருவரை நிறுத்துங்கள். அவருக்கு எந்திரவியல் தெரிய வேண்டியதில்லை. கண்ணால் கண்டதைக் கேட்கும் தைரியம் இருந்தால் போதும். இன்னொன்று, நீங்கள் கட்டியது ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும். அவருக்காகவும் சேர்த்து யோசியுங்கள்.

40 மணி நேரம் முடிந்ததும் முதல் பயணியாகப் பின்சீட்டில் ஏறியது என் மனைவிதான். பயணி கண்ணில் படும்படி ஓர் அறிவிப்புத் தகடு வைக்க வேண்டும் என்பது சட்டம். இது தொழில்முறை சாராதவர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று அதில் இருக்கும். அவள் அதை முழுசாகப் படித்தாள். பிறகு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "சரி, கிளப்புங்க" என்றாள்.

எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.